எரியும் சரக்குக்கு ஏற்ற பம்பு எது?



கடலை எண்ணெய் பேரலில் மாட்டியிருக்கும் கைப்பம்பைக் கழற்றித் துடைத்து, அதையே டர்பன்டைன் பேரலில் மாட்டிக்கொள்ளும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. எங்களுக்கும் இருந்தது. பம்பு என்றால் பம்புதானே, எல்லாம் எண்ணெய்தானே என்று நினைத்திருந்தோம். அப்படி நினைத்தது தவறு என்பதை 1997 மே மாதத்தில் ஒரு நாள் தெரிந்துகொண்டோம்.

அப்போது எங்கள் குடோன் பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில் இருந்தது. தகரக் கொட்டகை. மளிகைச் சரக்கோடு பெயின்ட் கடைகளுக்கு வேண்டிய தின்னர், டர்பன்டைன், வார்னிஷ் ஆகியவற்றையும் மொத்தமாகக் கொடுத்து வந்தோம். குன்னம், அரியலூர், செந்துறை, ஜெயங்கொண்டம் பக்கக் கடைகளுக்கு வாரம் இரண்டு லோடு போகும். அன்று பகல் இரண்டு மணி இருக்கும். பத்தொன்பது வயதுச் சிப்பந்தி ஒருவர், 200 லிட்டர் தின்னர் பேரலிலிருந்து பிளாஸ்டிக் வாளிக்கு இறைத்துக்கொண்டிருந்தார். பம்பு வாங்கிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. காலையிலேயே அவர் எங்களிடம் வந்து, “அண்ணே, வாஷர் உப்பிப்போச்சு. கைப்பிடி இறுக்கமா ஓடுது, தண்டு வழியா ஒழுகுது” என்றார். “இந்த லோடு போகட்டும் தம்பி, சாயங்காலம் மாத்திக்கலாம்” என்று சொன்னவர்கள் நாங்கள்தான்.

மாற்றுவதற்கு முன்பே குப்பென்று பிடித்துக்கொண்டது. நனைந்த சாக்கைப் போட்டு அவரை வெளியே இழுத்தோம். மணலைக் கொட்டி, தீயணைப்பு வண்டி வருவதற்குள் பாதி கொட்டகை போய்விட்டது. சரக்கு போனதைப் பற்றி இங்கே எழுதவில்லை. அந்தப் பையன் ஒன்றரை மாதம் திருச்சியில் மருத்துவமனையில் கிடந்தார். இரண்டு கைகளிலும் தோல் சுருங்கி, வலது கையில் இரண்டு விரல் இன்றைக்கும் நிமிராது. பிற்பாடு அவர் எங்கள் கடையிலேயே கணக்கு எழுத உட்கார்ந்தார். இடது கையால் எழுதப் பழகிக்கொண்டார்.

பம்பு விற்றவர் எங்களிடம், “எல்லா எண்ணெய்க்கும் தாங்கும்” என்று சொல்லித்தான் கொடுத்தார். அவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. என்ன சரக்கு இறைக்கப் போகிறீர்கள் என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு கேள்வியைப் பற்றியதுதான். பம்பு வாங்கும் முன் சரக்கின் பெயரைச் சொல்ல வேண்டும். அந்தச் சரக்கு பம்பின் எந்தப் பாகத்தை என்ன செய்யும் என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

நம் ஊர் வெயிலில் எல்லாமே பெட்ரோல்தான்

திரவம் தானாக எரிவதில்லை; அதன் மேல் எழும் ஆவிதான் எரிகிறது. ஒரு திரவம், பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி விடத் தொடங்கும் வெப்பநிலையை பிளாஷ் பாயின்ட் என்கிறார்கள். பெட்ரோலுக்கு அது பூஜ்யத்துக்கும் கீழே சுமார் 40 டிகிரி. அசிட்டோனுக்குப் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியை ஒட்டி. தின்னரில் சேரும் டொலுவீனுக்கு 4 டிகிரி. சுத்தமான எத்தனால் ஸ்பிரிட்டுக்கு 13 டிகிரி. மண்ணெண்ணெய்க்கும் டீசலுக்கும் இந்தியத் தர நிர்ணயப்படி குறைந்தது 35 டிகிரி இருக்க வேண்டும். டர்பன்டைனும் ஏறக்குறைய அதே அளவில்தான் நிற்கிறது. சமையல் எண்ணெய்க்கோ 250 டிகிரிக்கு மேல். கடலை எண்ணெய்க்கும் டர்பன்டைனுக்கும் ஒரே பம்பு என்பது எவ்வளவு தூரம் பொருந்தாத காரியம் என்பதை இந்த எண்களே சொல்லிவிடும்.

இந்தக் கணக்குக்கு ஒரு வரலாறும் உண்டு. 1879-இல் இங்கிலாந்தில் வந்த பெட்ரோலியச் சட்டம், சர் பிரெடரிக் ஏபல் அமைத்த சோதனைக் கருவியைக் கொண்டு 73 டிகிரி பாரன்ஹீட்டை எல்லையாக வைத்தது. அது செல்சியஸில் 23-க்குச் சற்றுக் குறைவு. இன்றும் நம் நாட்டுச் சட்டத்தில் 23 டிகிரிக்குக் கீழே ஆவி விடும் சரக்குத்தான் ‘ஏ’ வகுப்பு. குளிர்ந்த நாட்டில் 35 டிகிரி என்பது பாதுகாப்பான தூரம். பெரம்பலூரில் அக்கினி நட்சத்திரத்தில் நிழலிலேயே 40 டிகிரியைத் தொடுகிறது. தகரக் கொட்டகைக்குள், வெயிலில் நின்ற பேரலுக்குள் அதற்கும் மேல். அப்படியானால் சித்திரை, வைகாசியில் நம் மண்ணெண்ணெயும் டீசலும் டர்பன்டைனும் பற்றிக்கொள்ளத் தயாரான நிலையில்தான் இருக்கின்றன. “டீசல்தானே, தீக்குச்சியைப் போட்டாலும் அணைந்துவிடும்” என்று மார்கழியில் சொல்லும் பேச்சை மே மாதத்தில் நம்பக் கூடாது.

இன்னொன்று, இந்த ஆவிகள் காற்றைவிடக் கனமானவை. பெட்ரோல் ஆவி மூன்று, நான்கு மடங்கு கனம். மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து, தாழ்வான இடத்தில் தேங்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கலந்தாலே போதும், பற்றிக்கொள்ளும். பம்பில் சொட்டுச் சொட்டாகக் கசிவதை அலட்சியம் செய்யக் கூடாது என்பது இதனால்தான். அந்தச் சொட்டு தரையில் விழுந்து, ஆவியாகி, பத்தடி தள்ளி இருக்கும் சாமி விளக்கைத் தேடிப் போகும்.

முதலில் கெடுவது ரப்பர்

பம்பு வாங்கும்போது நாம் இரும்பைத் தட்டிப் பார்க்கிறோம், கைப்பிடியை ஓட்டிப் பார்க்கிறோம், விலை கேட்கிறோம். உள்ளே இருக்கும் வாஷரையும் சீலையும் யாரும் பார்ப்பதில்லை. ஆனால் எரியும் திரவத்தில் முதலில் கெடுவது அதுதான்.

சாதாரணக் கறுப்பு ரப்பர், அதாவது இயற்கை ரப்பர், பெட்ரோலியச் சரக்கில் ஊறினால் உப்பும்; பிறகு மெத்தென்றாகிப் பிய்யும். தண்ணீருக்கும் வெந்நீருக்கும் நன்றாக உழைக்கிற ஈபிடிஎம் என்ற ரப்பரும் மண்ணெண்ணெயிலும் டீசலிலும் தாங்காது. மண்ணெண்ணெய், டீசல் ஆகியவற்றுக்கு நைட்ரைல் ரப்பர் வேண்டும். ஆனால் அந்த நைட்ரைல், டொலுவீன் கலந்த தின்னரில் உப்பிவிடும். அசிட்டோனில் நிற்கவே நிற்காது. பெட்ரோல், டொலுவீன், டர்பன்டைன் ஆகியவற்றுக்கு விட்டான் என்ற ரப்பர் நல்லது, விலையும் கூடுதல். விலை கூடியதாயிற்றே என்று அதையும் எல்லாவற்றுக்கும் போட முடியாது. அசிட்டோனிலும், அசிட்டேட் கலந்த நைட்ரோ தின்னரிலும் விட்டானும் உப்பும். ஏறக்குறைய எல்லாச் சரக்குக்கும் தாங்குவது டெஃப்லான். அது ரப்பரைப் போல் வளைந்து கொடுக்காது என்பதால், அதற்கென்று அமைத்த பம்பில்தான் சரியாக உட்காரும். ரப்பர் வாஷரைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் டெஃப்லானைத் திணித்தால் கசியும்.

எங்கள் குடோனில் நடந்ததும் இதுதான். மண்ணெண்ணெய்க்கு என்று வந்த பம்பைத் தின்னருக்குப் போட்டோம். பத்து நாளில் வாஷர் உப்பியது. உப்பிய வாஷர் தண்டை இறுக்கியது, இறுகிய இடம் தேய்ந்தது, தேய்ந்த இடத்தில் கசிந்தது.

இதற்கு வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். பம்போடு ஒரு உதிரி வாஷர் கேட்டு வாங்குங்கள். அதைக் காகிதத்தில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்துகொள்ளுங்கள். பிறகு இறைக்கப் போகும் சரக்கில் கொஞ்சம் எடுத்து, இறுக்கமான மூடி போட்ட சிறு கண்ணாடிப் பாட்டிலில் வாஷரை ஒரு வாரம் போட்டு, அடுப்பு, விளக்கு இல்லாத இடத்தில் வையுங்கள். எட்டாம் நாள் எடுத்து அதே கோட்டின் மேல் வைத்துப் பாருங்கள். கோட்டைத் தாண்டியிருந்தாலோ, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்தாலோ, திரவத்தில் கறுப்புச் சாயம் இறங்கியிருந்தாலோ அந்தப் பம்பு அந்தச் சரக்குக்கு ஆகாது. இதற்குச் செலவு ஒரு வாஷர் விலை.

குழாய்க்கும் இதே கதைதான். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் பிவிசி ஹோஸை டீசலுக்கும் தின்னருக்கும் போடுகிறோம். அந்த ஹோஸை வளைய வைக்கும் சேர்மானத்தைச் சரக்கு கரைத்து இழுத்துக்கொள்ள, சில மாதத்தில் அது குச்சி போல் விறைத்து வெடிக்கும். எண்ணெய்க்கென்று செய்த ஹோஸ், உள்ளே கம்பி ஓடுவதாக வாங்க வேண்டும். கம்பி எதற்கு என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

பம்பின் உடல் எதனால் ஆனது?

வார்ப்பிரும்பு, எஃகு, எவர்சில்வர், அலுமினியம், பித்தளை, பிளாஸ்டிக் என்று பல வகையில் பேரல் பம்புகள் வருகின்றன. ஒவ்வொன்றைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்கிறோம்.

வார்ப்பிரும்பை மண்ணெண்ணெயோ டீசலோ அரிப்பதில்லை. ஆனால் அது நொறுங்கும் சாதி. கீழே விழுந்தால் விரியும்; தீயில் சூடேறியபோது தண்ணீர் பட்டாலும் விரியும். அதனால்தான் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் பின்பற்றும் ஏபிஐ 610 என்ற தரத்தில், எரியும் திரவத்தை அழுத்தத்தில் தள்ளும் பம்பின் உடலுக்கு வார்ப்பிரும்பை ஏற்பதில்லை, எஃகுதான் கேட்கிறார்கள். நம் கடையில் கையால் சுற்றும் பம்புக்கு அவ்வளவு அழுத்தம் கிடையாது. ஆகவே வார்ப்பிரும்புக் கைப்பம்பு மண்ணெண்ணெய்க்கும் டீசலுக்கும் ஆகும். விரிசல் இருக்கிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். விரிசலை எம்-சீல் போட்டு அடைத்து ஓட்டக் கூடாது.

அலுமினியம் இலேசானது, கைக்கு வாகானது. ஆனால் 660 டிகிரியில் உருகிவிடும். தீ வந்தால் நிற்காது. இன்னொரு குணமும் உண்டு. துருப்பிடித்த இரும்பின் மேல் அலுமினியம் வேகமாக மோதினால் சூடான பொறி பறக்கும். நம் பேரல்களின் வாய் எப்படித் துருப்பிடித்திருக்கும் என்பது நமக்குத் தெரியும். அலுமினியப் பம்பு வைத்திருப்பவர்கள் பேரலில் மாட்டும் பாகம் பித்தளையாகவோ கன்மெட்டலாகவோ இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். பேரல் மூடியைத் திறக்கும் சாவியும் பித்தளையாக இருப்பது நல்லது. சுத்தியலால் தட்டித் திறக்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிட வேண்டும்.

பித்தளை பொறி பறக்காது என்பதால் முழுப் பம்பும் பித்தளையில் வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். பித்தளையில் உள்ள செம்பு, டீசலும் பெட்ரோலும் சீக்கிரம் கெட்டுப் பிசினாகத் துணைபோகும். சிறு பாகங்களுக்குச் சரி. சரக்கு நாட்கணக்கில் தங்கும் இடத்தில் வேண்டாம். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயும் ஜி.ஐ. டின்னும் டீசலுக்கு ஆகாது. துத்தநாகம் டீசலோடு சேர்ந்து சோப்பு போல் படிந்து எஞ்சின் பில்டரை அடைக்கும்.

ஸ்பிரிட் வகைக்கு எவர்சில்வரே நல்லது. ஸ்பிரிட் தண்ணீரை இழுக்கும். அந்த ஈரம் அலுமினியத்தையும் துத்தநாகத்தையும் அரிக்கும். இப்போது பெட்ரோலிலும் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்து வருகிறது. ஆகவே பழைய பெட்ரோல் பம்பில் இருந்த வாஷர் இன்றைய பெட்ரோலுக்கும் தாங்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. 2020-இல் நோய்த்தொற்றுக் காலத்தில் மளிகைக்காரர்கள் பலர் சானிடைசரைப் பெரிய கேனாக வாங்கிச் சிறு பாட்டிலில் ஊற்றி விற்றோம். அதில் பெரும்பங்கு ஸ்பிரிட் என்பதும், அதன் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது என்பதும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரிந்திருந்தது?

பிளாஸ்டிக் பம்பு சமையல் எண்ணெய்க்கும் பினாயிலுக்கும் இருக்கட்டும். எரியும் சரக்குக்கு வேண்டவே வேண்டாம். உருகும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் அடுத்து வருகிறது.

கண்ணுக்குத் தெரியாத மின்சாரம்

பாலியெஸ்டர் சட்டையைக் கழற்றும்போது படபடவென்று பொறி பறப்பதைப் பார்த்திருப்போம். மண்ணெண்ணெய், பெட்ரோல், டொலுவீன் போன்றவை குழாய்க்குள் உரசி ஓடும்போதும் இதே மின்சாரம் உண்டாகிறது. உலோகப் பம்பு, உலோக வாளி, இரண்டையும் இணைக்கும் கம்பி இருந்தால் அந்த மின்சாரம் வழிந்து பூமிக்குப் போய்விடும். பிளாஸ்டிக் பம்பிலும் பிளாஸ்டிக் வாளியிலும் போக வழி இல்லாமல் தேங்கி நிற்கும். ஆளின் கையோ, வாளியின் இரும்புக் கைப்பிடியோ அருகில் வரும்போது பொறியாகப் பாயும். எங்கள் குடோனில் அன்று பீடி இல்லை, அடுப்பு இல்லை, பேரல் பக்கம் சுவிட்ச் இல்லை. பிளாஸ்டிக் வாளிதான் இருந்தது. வந்து பார்த்த தீயணைப்புத் துறை அன்பர் அந்த வாளியின் உருகிய கட்டியைக் காட்டித்தான் எங்களுக்கு இதை விளக்கினார்.

செய்ய வேண்டியது கடினமான காரியம் இல்லை. பேரலையும் வாங்கும் டின்னையும் செம்புக் கம்பியால் இணைக்க வேண்டும். இரு முனையிலும் பேட்டரிக்குப் போடும் பல் கிளிப் மாட்ட வேண்டும். பெயின்ட்டின் மேல் மாட்டினால் பயனில்லை, சுரண்டிய இரும்பின் மேல் மாட்ட வேண்டும். பேரலிலிருந்து இன்னொரு கம்பி எர்த் கம்பிக்குப் போக வேண்டும். இறைக்கத் தொடங்கும் முன் கிளிப்பை மாட்ட வேண்டும். முடிந்த பிறகுதான் கழற்ற வேண்டும். ஹோஸின் முனை டின்னின் அடியைத் தொட வேண்டும். மேலிருந்து சிதறி விழ விடக் கூடாது.

வேகமும் முக்கியம். குழாயில் திரவம் விநாடிக்கு ஒரு மீட்டருக்கு மேல் ஓடாதிருப்பது நல்லது என்பது பொதுவான விதி. ஒரு அங்குலக் குழாயில் கணக்குப் போட்டால் நிமிஷத்துக்கு சுமார் 30 லிட்டர். 200 லிட்டர் பேரல் காலியாக ஏழு நிமிஷம் ஆகும். லோடு வண்டி நிற்கிறது என்று அதை மூன்று நிமிஷத்தில் முடிக்கப் பார்ப்பதில் என்ன லாபம்?

கிணற்று மோட்டாரை மாட்டலாமா?

பெரம்பலூர் பக்கம் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். அரியலூர் பக்கம் சிமென்ட் ஆலை, சுண்ணாம்புக்கல் லாரி. திருமானூர் பக்கம் அறுவடை இயந்திரம். எங்கு பார்த்தாலும் டீசல் பேரல் இருக்கிறது. எங்கு பார்த்தாலும் பழைய அரை எச்.பி. மோனோபிளாக்கும் கிடக்கிறது. இரண்டையும் சேர்த்துவிடலாம் என்ற யோசனை யாருக்கும் வரும்.

கோயம்புத்தூர் பம்புகள் நாட்டுக்கே தண்ணீர் இறைத்துக் கொடுப்பவை. ஆனால் அவை தண்ணீருக்குச் செய்தவை. சிங்கிள் பேஸ் மோட்டார் பலவற்றில் ஸ்டார்ட் ஆகும்போது உள்ளே ஒரு சுவிட்ச் பொறியோடு விலகும். தண்ணீருக்கு அது ஒன்றும் செய்யாது. ஆவி சூழ்ந்த இடத்தில் அந்த ஒரு பொறி போதும். கை டிரில்லில் மாட்டி இறைக்கும் சிறு பம்பும் அப்படியே. டிரில்லின் கார்பன் பிரஷ்ஷில் ஓயாமல் பொறி பறந்துகொண்டிருக்கும்.

மோட்டார் பம்பு வேண்டும் என்றால், உள்ளே பொறி வந்தாலும் வெளியே தீ போகாதபடி கட்டிய பிளேம்புரூஃப் மோட்டார்தான் வேண்டும். அதன் பெயர்ப் பலகையில் ‘எக்ஸ் டி’ என்ற குறியும், நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ என்னும் மத்திய அரசு வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் அனுமதி எண்ணும் இருக்கும். வெப்ப வகுப்பு ‘டி3’ என்று இருந்தால் மோட்டாரின் மேற்பரப்பு 200 டிகிரிக்கு மேல் போகாது என்று பொருள். பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசலுக்கு அது வேண்டும். சுவிட்சும் அதே வகையில் இருக்க வேண்டும், அல்லது குடோனுக்கு வெளியே இருக்க வேண்டும். விலை அதிகம் என்றால் கைப்பம்போடு நிறுத்திக்கொள்வதே நம்மைப் போன்றவர்களுக்கு உத்தமம்.

பம்பு இல்லையென்றால் ஹோஸை வாயால் உறிஞ்சி இறைப்பதும் நம் பக்கம் சகஜம். அதனால் ஏற்படும் கேடு தீயை விடக் குறைந்தது அல்ல. மண்ணெண்ணெய் ஒரு மிடறு நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. அப்படி யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஜெய்ப்பூர் சொல்லும் பாடம்

இதெல்லாம் சின்னக் கடைக்காரர்கள் செய்யும் தவறு, பெரிய இடத்தில் நடக்காது என்று எண்ண வேண்டாம். 2009 அக்டோபர் 29 மாலை, ஜெய்ப்பூர் அருகே சீதாபுராவில் இந்தியன் ஆயில் கிடங்கில், ஒரு தொட்டியிலிருந்து பெட்ரோலைக் குழாய் வழியாக அனுப்ப ஆயத்தம் செய்தார்கள். ஒரு வால்வின் திறப்பு வழியாகப் பெட்ரோல் பீறிட்டது. அதை மூடப் போனவர்களை ஆவி தாக்கியது. சுமார் ஒன்றேகால் மணி நேரம் கொட்டி, ஆவி மேகம் போல் பரவி, பிறகு வெடித்தது. பதினொரு பேர் இறந்தார்கள். தீ பதினொரு நாள் எரிந்தது. எம்.பி. லால் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு, பொறி எங்கிருந்து வந்திருக்கும் என்று ஆராய்ந்தபோது, பிளேம்புரூஃப் அல்லாத மின்சாதனத்தையும், கிளப்பப்பட்ட வண்டியையும் சந்தேகித்தது.

கசிவு ஓரிடம், பொறி வேறிடம். இரண்டையும் ஆவி சேர்த்து வைத்தது. நம் குடோனிலும் அதே கணக்குத்தான், அளவுதான் சிறிது.

சட்டம் என்ன சொல்கிறது?

1934-ஆம் ஆண்டு பெட்ரோலியச் சட்டப்படி, 23 டிகிரிக்குக் கீழ் உள்ளது ‘ஏ’ வகுப்பு. 23 முதல் 65-க்குள் ‘பி’ வகுப்பு. 65 முதல் 93-க்குள் ‘சி’ வகுப்பு. பெட்ரோல் ‘ஏ’ வகுப்பு. அதை விற்பனைக்கு அல்லாமல் சொந்த உபயோகத்துக்கு 30 லிட்டர் வரைதான் உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம். அதுவும் கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரமானால் ஒரு லிட்டருக்குள், உலோக டின்னானால் 25 லிட்டருக்குள், இறுக மூடியிருக்க வேண்டும். மண்ணெண்ணெயும் டீசலும் ‘பி’ வகுப்பில் வருபவை. இவை ஓரிடத்தில் 2,500 லிட்டருக்கு மேற்படாமலும், எந்தப் பாத்திரமும் 1,000 லிட்டருக்கு மேற்படாமலும் இருந்தால் இச்சட்டப்படி உரிமம் தேவையில்லை.

வைத்துக்கொள்ளலாம் என்பது வேறு, விற்கலாம் என்பது வேறு. மண்ணெண்ணெய்க்கு 1993-ஆம் ஆண்டு ஆணையும், பெட்ரோல், டீசலுக்கு 2005-ஆம் ஆண்டு ஆணையும் தனியே இருக்கின்றன. விவசாயி மருந்து தெளிக்கும் இயந்திரத்துக்குக் கேட்கிறார் என்று பெட்டிக்கடையில் பாட்டிலில் பெட்ரோல் வைத்து விற்பது சட்டத்துக்கும் விரோதம், உயிருக்கும் விரோதம். தீ விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் கேட்டுப் போகும்போது முதலில் கேட்கப்படுவது இந்தக் காகிதங்கள்தான் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பம்பு வாங்கும்போது

கடைக்காரரிடம் கேட்க வேண்டியவற்றைத் தொகுத்துத் தருகிறோம். வெட்டிக் கல்லாப் பக்கம் ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

1. இறைக்கப் போகும் சரக்கின் பெயரை முதலில் சொல்லுங்கள். தின்னர் என்றால் அதன் டின்னைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

2. உடல் எந்த உலோகம், வாஷரும் சீலும் எந்த ரப்பர் என்று கேட்டுப் பில்லில் எழுதி வாங்குங்கள். “எல்லாவற்றுக்கும் தாங்கும்” என்றால் அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் வேறு கடை பாருங்கள்.

3. உதிரி வாஷர் இரண்டு வாங்குங்கள். ஒன்றைச் சரக்கில் ஊறப்போடுங்கள், ஒன்றைப் பத்திரமாக வையுங்கள்.

4. எர்த் கம்பி மாட்ட இடம் இருக்கிறதா, ஹோஸில் கம்பி ஓடுகிறதா என்று பாருங்கள்.

5. ஒரு சரக்குக்கு ஒரு பம்பு. பம்பின் மேல் சரக்கின் பெயரைப் பெயின்ட்டால் எழுதுங்கள். சமையல் எண்ணெய்ப் பம்பு எந்தக் காரணத்தாலும் இந்தப் பக்கம் வரக் கூடாது. மண்ணெண்ணெய் கண்ட பம்பு உண்ணும் எண்ணெய்க்குத் திரும்பவும் கூடாது. அது உண்பவருக்குச் செய்யும் துரோகம்.

6. கசிந்தால் அப்போதே நிறுத்துங்கள். லோடு நாளைக்குப் போகட்டும்.

7. பக்கத்தில் மணல் வாளியும் பவுடர் வகைத் தீயணைப்புக் கருவியும் இருக்கட்டும். எரியும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றினால் தீ மிதந்து பரவும். தீயணைப்புத் துறைக்கு 101.

முடிவாக ஒன்று

எங்கள் தகப்பனார் காலத்தில் கிருஷ்ணாயில் டின்னில் வந்தது. அளவு கேனால் மொண்டு ஊற்றினார்கள். இன்று ரேஷன் மண்ணெண்ணெய் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் தின்னர், டர்பன்டைன், ஸ்பிரிட், அசிட்டோன் என்று புதிய சரக்குகள் அதே அலமாரியின் கீழ்த்தட்டுக்கு வந்திருக்கின்றன. சரக்கு மாறியது, நம் பம்பும் பழக்கமும் மாறவில்லை.

மே 5 வணிகர் தினம். அக்கினி நட்சத்திரம் தொடங்குவதும் அந்த நாளை ஒட்டித்தான். கடையடைத்து மாநாட்டுக்குப் புறப்படும் முன், ஒரு அரை மணி நேரம் குடோனுக்குள் போய், பம்பைக் கழற்றி வாஷரை விரலால் அழுத்திப் பாருங்கள் என்று பெரம்பலூர், அரியலூர் மாவட்ட வணிக அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம். ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் அந்த வாரம் தீயணைப்பு நிலையத்தாரை அழைத்து ஒரு செயல்முறை விளக்கம் வைத்தால் இன்னும் நல்லது.

இதை எழுதி முடித்ததும் எங்கள் கணக்கரிடம் படிக்கக் கொடுத்தோம். முழுவதும் படித்துவிட்டு, “எல்லாம் சரிதான் அண்ணே. ‘சிப்பந்தி வந்து ஒழுகுதுன்னு சொன்னா அப்பவே நிறுத்தணும்’னு முதல்ல போடுங்க. நீங்க ஆறாவதா போட்டிருக்கீங்க” என்றார். வரிசையை மாற்றாமல் அப்படியே விட்டிருக்கிறோம். அவர் சொன்னதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுமாறு அன்பர்களை வேண்டுகிறோம்.